மேலே என்றால் எந்தப் பக்கம்

எங்கள் ஊரில் யாரை நம்பலாம் என்று ரோசலியைக் கேட்டால் கெளுத்தி மீனை நம்பலாம் என்பாள். அதையும் வயிற்றைக் கிழித்துப் பார்த்த பிறகுதான்.

மாரே நகரத்தின் ஆற்றங்கரையில் அவளுக்கு மீன் கடை. என் பார் அதற்கு இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறது. எழுபதைத் தாண்டியும் ரோசலி தன் கத்தியை இன்னொருவர் தீட்ட விடமாட்டாள். புதிதாக ஒரு தபால்காரர் வந்தால், அவர் பிறந்தது மேட்டிலா கரையிலா என்று தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடமாட்டாள். சர்ச்சில் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “பின்னாடி உக்காந்தாதான் யாரு யாரைப் பாக்கறாங்கன்னு தெரியும் பெர்னி. முன்னாடி உக்காந்தா சாமிதான் தெரியும்” என்றாள்.

சந்தேகப்படுவதில் நானும் குறைந்தவள் இல்லை. மிசிசிப்பி ஆற்றோடு வாழ்கிறவர்களுக்கு அது வந்துவிடும். போன வருடம் முழங்காலில் நின்ற தண்ணீர் இந்த வருடம் கூரையில் நிற்கும். அதையே நம்ப முடியாதபோது மேட்டில் இருப்பவர்களை எப்படி நம்புவது?

ஊர் எல்லைப் பலகையில் ஒரே நகரம் என்றுதான் எழுதியிருக்கிறது. பலகை வைத்தவர்களுக்கு வேறு வேலை இல்லை. வெள்ளச்சுவருக்கு உள்ளே சரிவு, சரிவுக்கு மேல் மேடு. அங்கே சர்ச், பள்ளிக்கூடம், கல்லறை, ஜெர்மன் பெயர் வைத்த குடும்பங்கள். சுவருக்கு வெளியே கரை. அங்கே மீன் கடை, என் பார், பிரெஞ்சுப் பெயர் வைத்த நாங்கள். எங்களையெல்லாம் காப்பாற்றத்தான் சுவர் என்று சொன்னார்கள். கட்டி முடித்த பிறகு பார்த்தால் நாங்கள் வெளியே நிற்கிறோம். கோடு எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பேச்சும் வேறு. கரையில் ‘மேலே’ என்றால் ஆறு வருகிற பக்கம். ‘கீழே’ என்றால் ஆறு போகிற பக்கம். மேட்டுக்கு ஏறிப் போவதை நாங்கள் ‘உள்ளே போறேன்’ என்போம். மேட்டுக்காரர்களுக்கோ மேலே என்றால் மேடுதான், அவர்கள் வீடுதான். உலகத்தில் அதைவிட உயரமான இடம் இருப்பதாக அவர்கள் நினைப்பதில்லை.

ரோசலியின் கணவன் ஆல்வின் கோலர் மேட்டில் பிறந்தவன். வெள்ளிக்கிழமை மீன் வாங்க இறங்கி வந்தவன், ஒரு வருடம் விடாமல் வெள்ளிக்கிழமை வந்தான். பிறகு திங்கட்கிழமையும் வந்தான். திங்கட்கிழமை கடை கிடையாது. அப்போதே எங்களுக்கு விளங்கிவிட்டது. கல்யாணம் முடிந்து சுவருக்கு வெளியே குடிவந்தபோது அவன் அம்மா மூன்று மாதம் அவனோடு பேசவில்லை.

கரையில் அவனை யாரும் உடனே சேர்த்துக்கொள்ளவும் இல்லை. என் பாரில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வாய் தவறி மேட்டை ‘மேலே’ என்று சொன்னால் இருக்கிற அத்தனை பேரும் மேசையைத் தட்டுவார்கள். சொன்னவன் திருத்திச் சொல்லும்வரை தட்டு நிற்காது. ஆல்வின் வந்த புதிதில் என் மேசைகளின் கால்கள் ஆடிப்போயின.

“அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, மேலே போயிட்டு வந்துடறேன்” என்பான் பாவம்.

தடதடவென்று தட்டுவார்கள். முதலில் தட்டுவது ரோசலியின் தாய்மாமன் ஆம்ப்ரோஸ். பீப்பாய் வயிறு, அதற்கேற்ற குரல்.

“உங்கம்மா ஆத்துக்கு மேல, செயின்ட் லூயிஸுக்குக் குடிபோயிட்டாளா? எந்தப் படகுல போற மேட்டான்?”

“சரி மாமா, உள்ள போறேன். உள்ள! போதுமா?”

“இவன் வாயில அது எப்பத்தான் ஒட்டுமோ” என்று ரோசலி சிரிப்பாள். அவளும் தட்டுவாள். மற்றவர்களைவிடப் பலமாகவே தட்டுவாள்.

ஆம்ப்ரோஸ் அவனை ஒரு நாளும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. பெயரும் சொன்னதில்லை, ‘மேட்டான்’தான். ஆல்வின் முகம் சுளிக்காமல் போய் அவருக்கு விறகு வெட்டிக் கொடுப்பான். மாமா இருந்தது ஆற்றின் மேல் பக்கம், சைகமோர் ஓடை வந்து சேருகிற இடத்தில், கம்பங்களின் மேல் நின்ற ஒரு மரக்குடிலில். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அவரை அங்கிருந்து கிளப்புவது பெரிய பாடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில், வெள்ளம் வந்த கோடையில் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன். ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் சுவரின் இரும்புக் கதவுகளை மூடிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ரோசலி காலையிலிருந்து சர்ச் கூடத்தில் மணல் மூட்டை அடுக்குகிறவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். ஆல்வின் வீட்டுச் சாமான்களைத் தன் வண்டியில் ஏற்றி ஏற்றி உள்ளே கொண்டுபோனான். வெள்ளம் வந்தால் கரைக்காரர்கள் எல்லோரும் வண்டிகளைச் சர்ச் வளாகத்தில்தான் விடுவார்கள். அன்று அங்கே இடம் நிரம்பிவிட்டது. அவன் தன் வண்டியைச் சரிவின் முதல் வீட்டு வாசலில் நிறுத்தினான்.

அந்த வீடு எர்மா ஹூபருடையது. விதவை. பார்க்க நன்றாக இருப்பாள். பள்ளிக்கூட நாளில் ஆல்வினோடு நடனமாடியவள். ஊரில் எத்தனையோ வாசல் இருந்தும் இடம் கிடைத்தது அந்த வாசலில்.

சுவருக்கு உள்ளே, கதவை ஒட்டி, நேடீன் என்பவளின் சலவைக்கடை இருந்தது. அவள் மேட்டுக்காரி. ஆல்வின் அந்தக் கடையில் தலையை நீட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். நேடீன் அதைச் சாயங்காலம் ரோசலியிடம் சொன்னாள்.

“உங்க ஆளு மேலே போறானாம். சீக்கிரம் வந்துடுவானாம், நீ கேட்டா சொல்லச் சொன்னான்.”

அவன் வரவில்லை. கதவுகளை மூடிவிட்டார்கள். ரோசலி மேடு முழுக்க வீடு வீடாகக் கேட்டாள். வண்டி எர்மா வாசலில் நின்றது. எர்மாவின் வீடு பூட்டியிருந்தது. அவள் அன்று மத்தியானமே பெட்டியோடு பஸ் ஏறிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அயோவாவில் அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாளாம். எங்களில் யாரும் அந்தத் தங்கையைப் பார்த்ததில்லை.

அப்புறம் கேட்கவா வேண்டும். ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டது. ஷெரிஃப் வந்தார், தொப்பியைக் கழற்றினார், “வயசு வந்த ஆம்பளை ஊரைவிட்டுப் போறது குத்தமில்லீங்க” என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். வெள்ளம் வடிந்தபோது கரையில் ஒரு படகுகூட மிஞ்சவில்லை. ஆல்வினின் தட்டைப் படகு காணாமல் போனதை யார் தனியாகக் கவனிப்பார்கள்?

மாமா ஆம்ப்ரோஸ் அதிசயமாக அந்த முறை பிழைத்துக்கொண்டார். அன்று காலையிலேயே மறுகரை உறவுக்காரர்கள் வந்து அவரைப் படகில் ஏற்றி இல்லினாய்க்குக் கொண்டுபோயிருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. தண்ணீர் வடிந்த பிறகு திரும்பி வந்தார். குடில் இருந்த இடத்தில் வெறும் சேறு. என் பாரில் உட்கார்ந்து, ரோசலியின் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

“மேட்டான் மேட்டுக்கே போயிட்டான். நான் கல்யாணத்தன்னிக்கே சொன்னேன், நீ கேட்டியா?”

அன்றிலிருந்துதான் ரோசலி சர்ச்சில் கடைசி வரிசைக்காரி ஆனாள். மாமா அதற்கப்புறம் சில வருடம் இருந்து, அதே பேச்சைப் பேசிக்கொண்டே செத்தும் போனார்.

அடுத்த வசந்தத்தில் எர்மா தனியாகத் திரும்பி வந்தாள். தைரியமாக மீன் கடைக்கே வந்து நின்றாள். நான் அங்கேதான் இருந்தேன்.

“ரோசலி, ஊர் பேசறது என் காதுக்கு வந்துச்சு. உன் புருஷன் என் வீட்டுப் படியேறல. வண்டியை விட்டுட்டு அப்படியே திரும்பிக் கீழ இறங்கிப் போனான். நான் சன்னல்லேர்ந்து பாத்தேன். கையில—”

“கீழயா? மேலே போறேன்னு சொல்லிட்டுப் போனவன் கீழ போனானா?” ரோசலி கத்தியைக் கீழே வைத்தாள். நல்லவேளை வைத்தாள். “பொய் சொல்ல வந்தவ அதையாவது ஒழுங்கா சொல்லு. எங்கடி வச்சிருக்க அவனை?”

எர்மா வாயைத் திறப்பதற்குள் மீன் குடல் வாளி அவள் தலையில் கவிழ்ந்தது. எர்மா அப்படியே சரிவேறிப் போனாள். கரை முழுக்க வாசலில் நின்று பார்த்தது. யாரும் அவளுக்காக வருத்தப்படவில்லை.

அதன்பின் ரோசலிக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சாட்சி. எர்மா கறிக்கடையில் என்ன வாங்குகிறாள் என்பதுவரை விசாரிப்பாள்.

“ஒருத்திக்கு எதுக்குடி ரெண்டு துண்டு கறி?” என்று என்னைக் கேட்பாள், நான் என்னவோ எர்மாவின் சமையல்காரி மாதிரி.

“நாய்க்கு இருக்கும்.”

“அவகிட்ட ஏது நாய்?”

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் நிஜமாகவே ஒரு நாய் இருந்தது. ரோசலி அதையும் நம்பவில்லை. “நாம சந்தேகப்படறது தெரிஞ்சு வாங்கி விட்டுருக்கா” என்றாள்.

வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் கரை வீடுகளை விலைக்கு எடுத்துக்கொண்டது. பாதிப் பேர் மேட்டில் குடியேறி, ஆறே மாதத்தில் மேட்டுப் பேச்சுப் பேசினார்கள். ரோசலி மறுத்துவிட்டாள். வீட்டைக் கம்பங்களின் மேல் தூக்கிக் கட்டிக்கொண்டாள். வந்த அதிகாரி காரணம் கேட்டார்.

“ஓடிப்போனவன் ஒரு நாள் திரும்பி வருவான். அவன் மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தணும். அதுக்கு எனக்கு ஒரு கதவு வேணுமில்ல?”

நவம்பரில் இறந்தோர் திருநாளன்று சர்ச்சில் செத்தவர்கள் பெயரை உரக்கப் படிப்பார்கள். புதிதாக வருகிற பாதிரியார் ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தில் அவளிடம் போய்க் கேட்பார், ஆல்வின் பெயரையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று.

“ஓடிப்போனவங்களுக்குன்னு ஒரு திருநாள் வையுங்க ஃபாதர். மொத பேரு நான் குடுக்கறேன்.”

சிரிப்பாகத்தான் சொல்வாள். ஆனால் அந்த நாள் முழுக்கக் கடை சாத்தியிருக்கும். சன்னல் வழியாகப் பார்த்தால் அவன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவன் தன்னை விட்டுப் போனானா இல்லையா என்பது. அதைச் சொல்ல உலகத்தில் யாரும் இல்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பொறுக்காது.

சில வருடம் முன்பு ஓர் இலையுதிர் காலத்தில் ஆறு வற்றியது. நாங்கள் பார்த்தேயிராத மணல் திட்டுகள் எல்லாம் வெளியே வந்தன. பழைய பாட்டில் பொறுக்கித் திரிந்த வெளியூர்க்காரர்கள் இருவர், சைகமோர் ஓடை வாயில் சேற்றில் புதைந்த ஒரு படகைப் பார்த்தார்கள். அதன்மேல் சரிந்து கிடந்த உத்தரங்களுக்கு அடியில் எலும்புகளும் இருந்தன. இப்போதைய ஷெரிஃப் ஆளனுப்பி ரோசலியை வரச்சொன்னார்.

“மேட்டுக்காரங்க வேலை” என்றாள் உடனே. “எர்மாவுக்கு வயசாயிடுச்சு. சாகறதுக்கு முன்னாடி பேரைச் சுத்தம் பண்ணப் பாக்கறா.”

“எர்மா போயி எலும்பு வாங்கியாந்து புதைச்சாளா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. வா, போய்ப் பாத்துட்டு வருவோம்.”

வெடித்துக் கிடந்த சேற்றின் மேல் இருவரும் நடந்தோம். மாமா குடிலின் கம்பங்களில் நாலைந்து அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. அதில் ஒன்றில் சங்கிலி சுற்றியிருந்தது, சங்கிலியின் மறுமுனை படகில் இருந்தது. ஷெரிஃப் ஒரு பையைத் திறந்து துருப்பிடித்த சாவி ஒன்றைக் காட்டினார்.

“சாவி எல்லாருகிட்டயும்தான் இருக்கு” என்றாள்.

இடுப்புப் பட்டையின் வளையத்தைக் காட்டினார்.

“கடையில தொங்குது இந்த மாதிரி நூறு.”

பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த வளையம் அவள் வாங்கிக் கொடுத்தது. எனக்கே அடையாளம் தெரிந்தது. ஆனாலும் அவள் இறங்கி வருவதாக இல்லை. யாருடைய படகில் யார் இருந்தார், செத்தவன் யாரோடு போகப் பார்த்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஷெரிஃப் பொறுமையாக, படகின் இருக்கைக்கு அடியில் செருகியிருந்த ஒன்றை இழுத்து எடுத்தார். ஒரு லைஃப் ஜாக்கெட். சேற்றைத் துடைத்தபோது சிவப்பு தெரிந்தது.

ரோசலி அதை வாங்கிப் புரட்டினாள். பக்கவாட்டில் பாய்த்துணி ஒன்று ஒட்டுப்போட்டு அகலப்படுத்தியிருந்தது, தூண்டில் நரம்பால் போட்ட தையல். மாமா ஆம்ப்ரோஸின் வயிற்றுக்கு எந்த ஜாக்கெட்டும் போதாது. அவருக்காக அவள் தைத்தது அது, அவர் ஒரு நாளும் போட்டுக்கொள்ளாதது. அவள் வீட்டு ஆணியில்தான் எப்போதும் தொங்கும்.

அவள் அந்தத் தையலின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பெர்னி.”

“சொல்லு.”

“கடைசியா அவனுக்கு எப்ப மேசை தட்டினோம்?”

யோசித்துப் பார்த்தேன். வந்த புதிதில் தட்டியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு, கடைசி வருடங்களில், ஒரு தடவைகூட இல்லை. யாரும் கவனிக்காமலே அது நின்றுபோயிருந்தது.

“ஞாபகம் இல்ல ரோசலி. ரொம்ப நாளாவே தட்டல.”

“மேலே போறேன்னு சொன்னான். சரியாத்தான் சொல்லியிருக்கான். எங்க மாமனைத் தேடி மேலே வந்திருக்கான்.” ஜாக்கெட்டை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். “நம்ம பேச்சு பேசினான்டி. நான்தான் மேட்டுப் பேச்சா கேட்டேன். நான் கரையில பொறந்தவ, நான்!”

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஷெரிஃப் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மேட்டுக்காரர்தான், ஆனாலும் அன்று மரியாதையாக நடந்துகொண்டார்.

மறுநாள் ரோசலி, முள் எடுத்த கெளுத்தி ஒன்றைத் தாளில் சுற்றிக்கொண்டு சரிவேறினாள். துணைக்கு நானும் போனேன். எர்மாவுக்கு எண்பது ஆகியிருந்தது. வலைக்கதவுக்கு உள்ளே நின்றபடி எங்களைப் பார்த்தாள். காலடியில் வேறொரு நாய் குரைத்தது.

“வாளி கொண்டாந்திருக்கியா?”

“இல்ல. மீன். சுத்தம் பண்ணினது.”

எர்மா குனிந்து பொட்டலத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கும் சந்தேகம் இருக்காதா? பிறகு கொக்கியை எடுத்தாள்.

“அன்னிக்குக் கீழ இறங்கிப் போனான்னு சொன்னியே” என்றாள் ரோசலி, வாசலைத் தாண்டாமலே. “மிச்சத்தையும் சொல்லு.”

“மிச்சம் என்ன இருக்கு? வண்டியைப் பூட்டினான். செகப்பா பெருசா ஏதோ கக்கத்துல இடுக்கியிருந்தான். அவசர அவசரமா ஆத்துப் பக்கம் போனான். அதைச் சொல்றதுக்குள்ளதான் வாளி வந்துடுச்சே.”

ரோசலி அழுதுகொண்டே மீனை நீட்டினாள். எர்மா மீனை வாங்கி மேசையில் வைத்துவிட்டு வந்து, “உள்ள வா, உக்காரு. நின்னுக்கிட்டு அழாத” என்றாள்.

அடக்கம் சனிக்கிழமை. கரைக்காரர்கள் செத்தாலும் மேட்டுக் கல்லறைக்குத்தான் போகவேண்டும். அங்கே ஆற்றைப் பார்த்த கடைசி வரிசை எங்களுடையது. கோலர் குடும்பம் தங்கள் வரிசையில் இடம் கேட்டது. ரோசலி கரை வரிசையில்தான் என்று சொல்லிவிட்டாள். சர்ச்சில் அன்று, அத்தனை வருடம் கழித்து முதல் தடவையாக, முன்வரிசையில் உட்கார்ந்தாள். எர்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாதிரியார் இளம் வயதுக்காரர், போன வருடம்தான் வந்தவர். நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, கையை உயர்த்தி, “நம் சகோதரர் ஆல்வின் இன்று மேலே போகிறார்” என்றார்.

ரோசலி பெஞ்சைத் தட்டினாள்.

உள்ளங்கையால், பலமாகத் தட்டினாள். நான் தட்டினேன். பின்னால் இருந்த கரைக்காரர்கள் அத்தனை பேரும் தட்டினார்கள். மேட்டுக்காரர்கள் வாயைப் பிளந்து திரும்பிப் பார்த்தார்கள். பாதிரியார் என்ன தவறு செய்தோம் என்று தெரியாமல் கையைத் தூக்கியபடியே நின்றார். எர்மா எங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளும், சுருங்கிப்போன அந்தக் கையால், மெதுவாகத் தட்டத் தொடங்கினாள்.

ரோசலி எழுந்து நின்றாள். அவள் முகமெல்லாம் கண்ணீர்.

“உள்ளேன்னு சொல்லுங்க ஃபாதர். இன்னிக்கு அவனை உள்ளதான் கொண்டுபோறோம். மேலே போனது அன்னிக்கு.”